இருபத்திரண்டு பேர் நாலு பேரானது ஏன்?

வாசகர் கடிதம்:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 61 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவன். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு ஷூ ஆலையில் 30 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எங்கள் கோவில் ஹாலில் சனிக்கிழமை தோறும், பக்கத்து பிளாட்டுகளில் இருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு தொடங்கினோம். தன்னம்பிக்கை, குறிக்கோள், நேரத்தைப் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு. முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். மூன்று மாதத்தில் நாலு பேர் ஆகிவிட்டார்கள். அதிலும் இரண்டு பேர் சமோசாவுக்காகத்தான் வருகிறார்கள் என்கிறாள் என் மனைவி. பாட்டில்பிரஷ் குடியிருப்பிலிருந்து இரண்டு சூலு இனப் பையன்கள் வருகிறார்கள், கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், பதினொன்றாம் வகுப்போடு நின்றவன், நல்ல கெட்டிக்காரன். இன்டர்வியூவுக்குப் போக 200 ரேண்ட் கடன் கேட்டான், கொடுத்தேன். அதற்கப்புறம் ஆளே இல்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். நாங்களும் ஏழைகள்தான் அம்மா. எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. உழைத்தோம், மேலே வந்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு மனசு இல்லையா, எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையா? நிறுத்திவிடலாமா?

பதில்:

ஐயா,

வகுப்பை நிறுத்திவிடலாம். மிச்சமிருக்கும் நாலு பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இனி நான் எழுதப்போவதெல்லாம் இந்த இரண்டு வரிக்கு விளக்கம்தான்.

முதலில் சமோசா. சாப்பாட்டுக்காக வருவதைக் குறையாக நினைக்காதீர்கள். பள்ளியில் மதியச் சாப்பாடு கிடைக்கிற பிள்ளைக்குக்கூட சனி, ஞாயிறு அது கிடையாது. மாதக் கடைசி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவனிடம் 'உன் குறிக்கோள் என்ன' என்று கேட்டால், பன்னிரண்டு மணிதான் அவன் குறிக்கோளாக இருக்கும். சமோசாவை நிறுத்தாதீர்கள். முடிந்தால் பீன்ஸ் கறியும் ரொட்டியுமாக மாற்றுங்கள். பேச்சுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். முன்னால் கொடுத்தால் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று பல இடங்களில் கடைசியில்தான் தட்டை எடுக்கிறார்கள். ஓடுகிறவன் ஓடட்டும், வயிறு நிறைந்தாவது ஓடட்டும்.

அடுத்தது 'எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை' என்ற உங்கள் வரி. இந்த ஒரு இடத்தில்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை.

1960களில், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று அரசு போட்ட குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் ஜனங்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் விட்டார்கள். நீங்கள் பட்ட கஷ்டம் பெரிய கஷ்டம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் உங்கள் முதல் வேலைநாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆலை வாசலுக்குத் தனியாகவா போனீர்கள்? உங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் எனக்கு ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணாவோ ஏற்கெனவே அங்கே வேலையில் இருப்பார். ஃபோர்மேன் காதில் ஒரு வார்த்தை போட்டு வைப்பார். திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். கார்டு அடிப்பது எப்படி, டீ நேரத்தில் எந்த பெஞ்சில் உட்காரக் கூடாது, எந்த சூப்பர்வைசரிடம் வாய் கொடுக்கக் கூடாது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் அந்த பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிடுவார். வாழ்க்கைத் திறன் என்று அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1990களில் இறக்குமதி வரி இறங்கியது. மலிவான துணியும் செருப்பும் வெளியிலிருந்து வந்து குவிந்தன. டர்பனில் தையல் ஆலைகளும் ஷூ ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடியதை என்னைவிட நீங்கள் கிட்ட இருந்து பார்த்தவர். அங்கே போனது வேலை மட்டும் இல்லை, அந்த பஸ் மாமாவும் போய்விட்டார். இன்றைக்கு உங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கும் பையனின் மாமாவுக்கே வேலை கிடையாது, யார் காதில் என்ன வார்த்தை போடுவார்? 2025ஆம் வருஷத்தின் முதல் மூன்று மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் 15 முதல் 24 வயதுக்குள் வேலைச் சந்தையில் இறங்கியவர்களில் 62.4 சதவீதம் பேர் வேலை இல்லாதவர்கள். மனசு இல்லாதவர்கள் இத்தனை பேரா ஒரே நாட்டில் பிறந்திருப்பார்கள்?

பிளாட்டில் இருக்கும் வீடுகளுக்குள் நடக்கும் இன்னொரு விஷயம் வெளியே தெரிவதில்லை. பிள்ளைக்காக அரசின் சமூக உதவி நிறுவனமான சாசா கொடுக்கும் உதவித்தொகை, 2025 ஏப்ரல் கணக்கில் மாதம் 560 ரேண்ட், பதினெட்டு வயது முடிந்ததும் நின்றுவிடுகிறது. நேற்று வரை அந்த வீட்டுக்கு ஒரு தொகையைக் கொண்டுவந்தவன், பிறந்தநாள் அன்று காலை முதல் வெறும் சாப்பாட்டுச் செலவு. யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் சோற்றுப் பானையை மூடும் சத்தத்திலேயே அவனுக்குப் புரிந்துவிடும். வேலையில்லாப் பெரியவர்களுக்கு 2025இல் மாதம் 370 ரேண்ட் கொடுத்தார்கள். அது கிடைத்தாலும் போனுக்கும் ஷேர் டாக்ஸிக்குமே சரியாகப் போய்விடும். இப்படி ஒரு வருஷம் இருந்தவனிடம் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொல்வது மாதிரி. சொல்வது அத்தனையும் உண்மை, கேட்கத்தான் அவனால் முடியாது.

சரி, அப்படியானால் எதற்குப் பலன் உண்டு?

அமெரிக்காவில் ஒரு பெரிய வழிகாட்டல் திட்டத்தைச் சோதித்து 1995இல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். 10 முதல் 16 வயது வரை 959 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாகக் கொடுத்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். துணை கிடைத்த பிள்ளைகளில் போதைப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் 46 சதவீதம் குறைவு. இதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெரியவர்கள் பாடம் எதுவும் நடத்தவில்லை. சேர்ந்து பந்து விளையாடினார்கள், சாப்பிடப் போனார்கள், மாதத்துக்கு மூன்று நாலு தடவை சில மணி நேரம் கூட இருந்தார்கள். சந்தோஷமான சேதி. ஆனால் அதே பிள்ளைகளின் கணக்கை மறுபடி பிரித்துப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னைப் போலப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களைத் தூங்கவிடாதது. ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த இடத்தில்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடத்தில் பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது.

இதைப் படிப்பதற்கு வெகு காலம் முன்பே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பள்ளி விட்டதும் வருவாள். பேசுவதற்கே ஏழு வாரம் எடுத்தாள். நாலாவது மாதம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஒரு சாக்லேட் டப்பாவும் வாழ்த்து அட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அன்றைக்கு நினைப்பு. இரண்டு வருஷம் கழித்து ஒரு மருந்துக்கடை வரிசையில் அவளைப் பார்த்தேன். கோபப்படவில்லை. "நீங்களும் வியாழக்கிழமைதான் போனீங்க ஆன்ட்டி" என்றாள். அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போனதும் ஒரு வியாழக்கிழமை. நான் அதுவரை அவளிடம் கேட்டதே இல்லை.

அதனால்தான் நாலு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். 22 பேருக்கு ஒருவர் என்பது வகுப்பு. ஒரு பையனுக்கு ஒரு பெரியவர், குறைந்தது ஒரு வருஷம் என்றால்தான் வழிகாட்டல். கமிட்டியில் உங்களைத் தவிர மூன்று பேர் கிடைப்பார்களா? ஒரு வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முடியாது என்கிறவர்கள் நல்லவர்கள், அவர்களைச் சமையலுக்குப் போடுங்கள். 'பார்ப்போம்' என்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டாயமான விஷயம். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை ஒருவர் இருந்தாலும், குழந்தைகள் சட்டப்படி தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலில், இவர்கள் யாருடைய பெயராவது இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். அமைப்பு கேட்பதற்கு ஃபார்ம் 29, ஆள் தனக்காகக் கேட்பதற்கு ஃபார்ம் 30. சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். 'நம்ம ஆளுதானே, சின்ன வயசிலிருந்து தெரியும்' என்று யாராவது சொன்னால், அவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பையனைச் சந்திப்பது நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

கடிதத்தில் நீங்கள் தனியாகக் குறிப்பிட்டது பையன்களை மட்டும்தான். அந்த 22 பேரில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? சனிக்கிழமை காலை பிளாட்டில் துணி துவைத்துக்கொண்டு தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள். சமோசாக் கணக்கை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் இதையும் பார்த்திருப்பார். கையெழுத்துப் போடுகிறவர்களில் முதல் ஆளாக அவர் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி அந்த மூன்று நாலு பெரியவர்கள் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால், கூடப் போக வேண்டும். பஸ் மாமா செய்ததுதான்.

ஒரு பையன் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் கோலத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஐடி நகல், பள்ளி ரிப்போர்ட், ஒரு பக்க சி.வி. நகலில் போலீஸ் முத்திரை இருக்கும், ஆனால் ஏழு மாதப் பழசு. மூன்று மாதத்துக்குள் எடுத்த முத்திரை வேண்டும் என்று எதிரே இருப்பவர் திருப்பித் தள்ளுவார். முகவரிச் சான்று கேட்பார்கள். பிளாட் வாடகைச் சீட்டு தூரத்துச் சித்தப்பா பெயரில் இருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், அதற்குக் காசு கிடையாது, நகலுக்கு முத்திரை போடுவதற்கும் காசு கிடையாது. பத்தொன்பது வயதுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயம். ஆலையில் 30 வருஷம் பழகிய அறுபத்தொரு வயதுக்காரர் பக்கத்தில் நின்றால் அது பத்து நிமிஷ வேலை.

ஐடி இல்லாத பிள்ளை இருந்தால் அதுதான் முதல் வேலை. முதல் ஐடி இலவசம். தொலைத்துவிட்டு மறுபடி எடுக்க 140 ரேண்ட். உள்துறை அலுவலகத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சிஸ்டம் ஆஃப்லைன் என்று சொல்லி நாலு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அந்த நாலு மணி நேரம் பெரிய வரம். உங்கள் ஹாலில் மூன்று மாதத்தில் நடக்காத பேச்சு அந்த பெஞ்சில் நடக்கும். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த வயதுப் பையன்கள் வாய் திறக்கிறார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், பஸ்ஸிலும் அப்படித்தான்.

அனுபவம் என்ன என்று சி.வி.யில் ஒரு கட்டம் இருக்கும். இவர்கள் அதில் 'இல்லை' என்று எழுதுவார்கள். இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஆடி மாதம் மாரியம்மன் கூழ் ஊற்றும்போது விடியக்காலை மூன்று மணிக்கு அண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றுவது யார்? இதே பிள்ளைகள்தான். மரக் கரண்டியால் அடிபிடிக்காமல் கிண்டி, பதினோரு மணிக்கு வரிசையில் நிற்கும் ஜனத்துக்குச் சண்டை வராமல் ஊற்றி, மத்தியானம் ஹாலைக் கழுவிவிட்டுப் போகிறவன் ஒரு ஹோட்டல் சமையலறைக்கு அனுபவம் இல்லாதவனா? காவடி அன்று தண்ணீர் பந்தலைப் பார்த்துக்கொண்டவளுக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாதா? கோவில் செயலாளர் தன் பெயர், போன் நம்பர், பையன் என்ன வேலையை எத்தனை வருஷம் செய்தான், நேரத்துக்கு வந்தானா என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பொய் ஒரு வார்த்தை வேண்டாம், தேவையும் இல்லை.

இது வெறும் ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. முன்பு வேலை கொடுத்தவரின் சிபாரிசுக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினால் என்ன ஆகிறது என்று இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு அது. கடிதம் இருந்த விண்ணப்பங்களுக்கு வந்த அழைப்பு 60 சதவீதம் கூடுதல், பலன் முக்கியமாகப் பெண்களுக்கு. கடிதம் எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்த முதலாளிகள் இருந்தும், கேட்டு வாங்கிவைத்தவர்கள்தான் குறைவு. கோவில் ஒரு முதலாளி இல்லைதான். ஆனால் ஒன்றுமே இல்லாத உறைக்குள் போன் நம்பரோடு ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து இருப்பது எவ்வளவோ மேல்.

படிப்பைப் பற்றியும் அந்தப் பையனுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. பதினொன்றோடு நின்றுவிட்டதால் கதவு மூடிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரியில் என்.சி.வி. என்ற சான்றிதழ் படிப்புக்கு ஒன்பதாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். டர்பனிலேயே தெக்வினி டிவெட் கல்லூரி இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம், பிளாட்டில் யாருக்கு அதைவிட அதிகம் இருக்கப்போகிறது? மேட்ரிக்கையே, அதாவது பன்னிரண்டாம் வகுப்பையே முடிக்க ஆசை என்றால் 21 வயதானதும் பெரியவர்களுக்கான சீனியர் சர்டிபிகேட் எழுதலாம். வேலை தேட எஸ்.ஏ. யூத் தளத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள், அதைத் திறக்க டேட்டா செலவாகாது. பள்ளிகளில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதன் வழியாகத்தான் எடுக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமை பலகையில் எழுதிப் போடாதீர்கள். ஒருவனுக்கு எது பொருந்துமோ அதை மட்டும், போனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து முடிக்கச் செய்யுங்கள். பாஸ்வேர்டை அவன் நோட்டிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மறந்ததால் ஒரு வருஷம் இழந்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

உங்கள் கமிட்டியில் கடை, வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். மேடையில் ஏறித் தன் வெற்றிக் கதையைச் சொல்ல அவரைக் கூப்பிட்டிருப்பீர்கள். இனி பேச்சு வேண்டாம், இரண்டு வாரம் ஒரு பையனைத் தன் கடையில் நிற்க விடுவாரா என்று கேளுங்கள். முறைப்படி வேலைக்கு வைத்துக்கொண்டால் 18 முதல் 29 வயதுக்காரர்களுக்கு அரசு 2014 முதல் முதலாளிக்கு வரியில் சலுகை தருகிறது, அவருடைய கணக்காளரைக் கேட்டால் சொல்வார். பேசச் சொன்னால் அரை மணி நேரம் பேசுகிறவர் இதற்குச் சற்று யோசிப்பார். யோசிக்கட்டும்.

வேலை கிடைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மாதத்தில்தான் பல வேலைகள் கைவிட்டுப் போகின்றன, காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தவனுக்குச் சம்பளம் மாதக் கடைசியில். போக வர இரண்டிரண்டு டாக்ஸி, ஒரு நாளைக்கு 60 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 22 நாளுக்கு 1,320 ரேண்ட். யார் கொடுப்பது? முதல் வாரம் அம்மா கடன் வாங்கிக் கொடுப்பாள். இரண்டாம் வாரம் பக்கத்து வீடு. மூன்றாம் வாரம் அவன் காய்ச்சல் என்று போனில் மெசேஜ் போடுவான். அவனுக்குப் பொறுப்பில்லை என்று முதலாளி முடிவுகட்டிவிடுவார். கோவிலில் தையல் மெஷின் வாங்கவும் வாசற்கதவுக்குப் பெயின்ட் அடிக்கவும் உண்டியல் வைக்கிறோமே, முதல் மாத டாக்ஸிக்கு என்று ஒரு சின்ன நிதி வையுங்கள். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் கணக்கில் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. எட்டு மணி நேரம், 22 நாள் என்றால் ஐயாயிரத்துச் சொச்சம். அதிலிருந்து அவன் பிறகு நிதிக்குத் திருப்பிக் கட்டட்டும், கட்ட முடிந்தவன் கட்டட்டும். அந்த ஐயாயிரம் கைக்கு வரும் நாளுக்கு முந்தின நாள் அவனோடு ஒரு காகிதத்தை எடுத்து உட்காருங்கள். அம்மாவுக்கு எவ்வளவு, டாக்ஸிக்கு எவ்வளவு, கடன் கேட்டு வரும் அண்ணனுக்கு என்ன பதில். பட்ஜெட் வகுப்பு எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

அந்த 200 ரேண்டுக்கும் இதுதான் பதில். கொடுத்தது தப்பில்லை, கடனாகக் கொடுத்ததுதான் தப்பு. நீங்கள் அவனுக்குப் பெரியவராக இருந்தீர்கள், இப்போது கடன் கொடுத்தவர் ஆகிவிட்டீர்கள். எதிர்ப்பக்கம் போகிறான் என்றால் வெட்கம் இருக்கிறது என்று அர்த்தம். வெட்கமே இல்லாதவனாக இருந்தால் உங்களிடமே வந்து இன்னொரு நூறு கேட்டிருப்பான். இனிமேல் பணம் கொடுக்கும் ஆளும் வழிகாட்டும் ஆளும் வேறு வேறாக இருக்கட்டும். பொருளாளர் கொடுக்கட்டும், எழுதி வைத்துக் கொடுக்கட்டும்.

அவன் ஷுகர் போட ஆரம்பித்திருப்பானோ என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும், கடிதத்தில் எழுதக் கூச்சப்பட்டிருப்பீர்கள். இந்த ஊரில் அந்தச் சந்தேகம் வராமல் இருக்க முடியாது. ஹெராயின் கலந்த அந்தப் பொடி எத்தனை வீடுகளின் பாத்திரம் பண்டத்தை அடகுக்கு அனுப்பியது என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு ஒளிவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உடம்பு இளைத்து, பகலில் தூங்கி, வயிற்றுவலி என்று சுருண்டு, வீட்டில் சாமான் காணாமல் போகிறது என்றால், அது நீங்களும் நானும் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. போதையிலிருந்து மீள உதவும் சான்கா மாதிரியான அமைப்பிடம் போக வேண்டும். அங்கேயும் கூடத்தான் போக வேண்டும்.

சூலுப் பையன்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவர்கள் வரட்டும். கமிட்டிக்காரர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: இந்த மாகாணத்தில் கடை, ஆஸ்பத்திரி, கால் சென்டர் எங்கே போனாலும் சூலு பேசத் தெரிந்தால் கைகொடுக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு அது ஒழுங்காக வராது. அந்த இரண்டு பேரும் சமோசாவுக்குப் பதிலாக நமக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. இப்படி லாபக் கணக்குச் சொல்லித்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கூழ் வரிசையில் நிற்பவரிடம் நாம் எந்த ஊர் என்று கேட்பதில்லையே.

இதோடு ஒட்டிய இன்னொரு சின்ன விஷயம். வகுப்பின் கடைசி இருபது நிமிஷம் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தமிழுக்காக உங்களைவிட அதிகமாகச் சண்டை போடுகிறவள் நான். ஆனாலும் வேண்டாம். வேலை தேடி வந்தவனை 'அ'வன்னா எழுத உட்கார வைத்தால் அவனுக்கு இரண்டின் மீதும் வெறுப்பு வரும். தமிழ் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை தனியாக வையுங்கள். உங்களைப் பிடித்துப்போனால் அவனே வந்து உட்காருவான்.

அடுத்த சனிக்கிழமை ஹாலைத் திறந்து சாப்பாடு போடுங்கள், பேச்சு வேண்டாம். நாலு பேரிடமும் உறையைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மட்டும் பாருங்கள். யார் யாரோடு எந்தக் கிழமை எங்கே போவது என்று முடிவு செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

அந்தப் பத்தொன்பது வயதுக்காரனுக்கு வாட்ஸ்ஆப்பில் இப்படி அனுப்புங்கள், அவன் படிக்கிற மொழியிலேயே: 'செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டிவெட் கல்லூரிக்குப் போகிறேன், விண்ணப்பம் பற்றிக் கேட்க. வண்டியில் இடம் இருக்கிறது. கோவில் வாசலில் நிற்பேன். அந்தப் பணத்தை மறந்துவிடு, நான் மறந்துவிட்டேன்.' பதில் வராது. செவ்வாய்க்கிழமை ஏழரை வரைக்கும் நின்றுவிட்டு, நீங்கள் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்டு வந்ததை அன்று மாலை அவனுக்கு இரண்டு வரியில் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. மூன்றாவது செய்திக்கு நீல டிக் விழுந்தாலும் போதும், அவன் நம்பரை மாற்றவில்லை, உங்களை பிளாக் செய்யவில்லை. நாலாவதை எப்போது அனுப்புவது என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.